ஏலாது என்று நான் எழுதிய பெயர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரையும் போன கிழமை இறங்குதுறையில் தள்ளி நின்று பார்த்தேன். சுற்றுலாக் கப்பலில் வந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா சக்கரக் கதிரையில் இருந்தார். அவரைச் சுற்றி நீங்கள் ஆறு பேர். ஒளிரும் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் வோக்கி டோக்கி. அவரை எப்படி இறக்குவது என்று அவருடைய கணவரிடம் கேட்டீர்கள், கப்பல்காரரிடம் கேட்டீர்கள், இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் வோக்கி டோக்கியில் கேட்டீர்கள். அந்த அம்மாவிடம் மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் பயிற்சி வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் மேலதிகாரி என்னைத் தேடி வந்து, "ஐயா, நடக்க ஏலாத ஆக்களை அந்தக் காலத்தில எத்தினை பேரைக் கப்பல் ஏத்தி விட்டனீங்கள். பிள்ளைகளுக்கு நாலு நல்ல விஷயம் எழுதித் தாருங்கோ" என்றார். நல்ல விஷயம் என்னிடம் குறைவு. பிழைகள் தாராளமாக இருக்கின்றன, அவற்றில் நாலு எழுதித் தருகிறேன். சாய்வுப் பலகை எத்தனை அடி, படி எத்தனை அங்குலம் என்பதெல்லாம் உங்கள் கைநூலில் படத்தோடு இருக்கிறது. படத்தில் எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நான் ஏற்றி விட்டவர்களில் அப்படிச் சிரித்தவர் ஒருவரும் ஞாபகத்தில் இல்லை.

நான் வேலை செய்தது தரைப்பாதை மூடிக் கிடந்த சண்டைக் காலம். யாழ்ப்பாணம் போக வேண்டியவர்கள் திருகோணமலைக்கு வந்து, கிளியரன்ஸ் என்ற அனுமதிச் சீட்டுக்காக நாட்கணக்கில் காத்திருந்து, காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறுவார்கள். அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால், கடலைப் பார்த்துக் கையை விரிப்போம். அதுதான் எங்கள் நேர அட்டவணை. பயணிகளின் பெயர்ப்பட்டியல் எழுதுவது என் வேலை. முப்பது வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

என் முதல் பிழையே அந்த முத்தான கையெழுத்தில்தான். அறிவித்தல் பலகையில், "பயணிகள் காலை ஏழு மணிக்குக் கப்பல் துறைக்கு வரவும்" என்று எழுதினேன். ஒரு கால் இல்லாமல், ஊன்றுகோலோடு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அதை வாசித்துவிட்டு, விடியற்காலையிலேயே பஸ் ஏறிக் கப்பல்துறைக்குப் போய்விட்டார். கப்பல்துறை என்பது கண்டி வீதியில் உள்ள ஒரு கிராமம் என்பது உங்களுக்குத் தெரியும். பெயரில் இருப்பதைத் தவிர அங்கே வேறு கப்பல் கிடையாது. பத்து மணிக்கு உழவு இயந்திரப் பெட்டியில் திரும்பி வந்தார். வழக்கம்போலக் கப்பலும் பிந்தியதால் தப்பினேன்.

"தம்பி, கப்பல் எப்ப வரும் எண்டு அங்க ஒரு மனிசனிட்டக் கேட்டனான். மழை பெய்ஞ்சால் வரும் எண்டு சொல்லுது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒற்றைக் காலோடு அந்த மனிதர் எத்தனை தரம் பஸ்ஸில் ஏறி இறங்கியிருப்பார் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அடுத்த பிழையை விட்டிருக்க மாட்டேன்.

அதற்கு முன் நொண்டிகளின் படையெடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயணிகளை நகரத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்க வைத்திருந்தோம். ஒருநாள் ஒலிபெருக்கியில், "ஏலாத ஆக்கள் முதல்ல வாருங்கோ" என்று கூப்பிட்டேன். அவ்வளவுதான். காலையில் குழாயடியில் முண்டியடித்து வாளி நிரப்பியவர்கள் எல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்கள். மண்டபத்தில் பாதிப் பேருக்கு வாதம். ஒருவர் வாசல் வரைக்கும் இடது காலை இழுத்து வந்தார், வாசல் தாண்டியதும் வலது கால். உண்மையாகவே நடக்க முடியாத மூன்று பேர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கூப்பிட்ட உடனே எழும்பி வர முடிந்தால் அவர்கள் ஏன் ஏலாதவர்கள்? அன்றிலிருந்து என் பட்டியலில் "சுகவீனம்" என்று எழுதியிருந்தால் துறைமுக வாசலில் நிற்கும் படை அதிகாரி ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவார்.

அந்த மண்டபத்தில்தான் பரிமளா ரீச்சரைக் கண்டேன். பள்ளிக்கூட ஆசிரியை, நாற்பது வயதிருக்கும். கொழும்பில் இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சை முடித்துக்கொண்டு வந்திருந்தார். கணவர் இல்லை. பதினொரு வயது மகளை யாழ்ப்பாணத்தில் பக்கத்து வீட்டாரிடம் இரண்டு கிழமைக்கு என்று சொல்லி விட்டுவிட்டு வந்தவர், கப்பல் நின்றதால் ஐந்து மாதமாகப் போய்ச் சேரவில்லை.

மத்தியான வெயிலில் எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் வேண்டாம் என்றார்.

"ஏன் ரீச்சர், தாகமில்லையோ?"

"தாகம் இருக்குது தம்பி. குடிச்சால் கக்கூசுக்குப் போகவேணும். அது நாலு படிக்கு அங்கால. தூக்க ஆள் தேடவேணும். நீர் தண்ணி தாறீர், ஆளைத் தருவீரோ?"

இது உங்கள் கைநூலில் இல்லை, எழுதி வையுங்கள். நடக்க முடியாதவரைக் கப்பலில் ஏற்றும் முன் பார்க்க வேண்டியது ஏணியை அல்ல, கழிப்பறையை. அதற்குப் பக்கத்தில் இடம் கொடுக்காவிட்டால் அவர் போய்ச் சேரும் வரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டார். உங்களிடம் சொல்லவும் மாட்டார். நீங்களோ "பாவம், நல்ல அமைதியான ஆள்" என்று மெச்சிக்கொண்டு போவீர்கள்.

அன்றுதான் அவர் விஷயத்தைச் சொன்னார்.

"தம்பி, என்ர பிள்ளையை வைச்சிருக்கிற சனத்துக்கும் கிளியரன்ஸ் கிடைச்சிட்டுது. இந்தக் கப்பல் திரும்பி வரேக்க அதில ஏறி இஞ்ச வருகினம். பிள்ளைக்குப் பாஸ் இல்லை, அவையோட ஏத்த மாட்டினம். அவை கப்பல் ஏற முந்தி நான் அங்க இறங்கவேணும். இல்லாட்டி அவள் தனிச்சுப் போவாள். அவையையும் மறிச்சு வைக்க ஏலாது, அவைக்கும் ஒரு உயிர்தானே."

"நான் பாக்கிறன் ரீச்சர். நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றேன். அரசாங்க உத்தியோகத்தன் ஒருவன் யோசிக்க வேண்டாம் என்று சொன்னால், அந்த இடத்திலிருந்து யோசிக்கத் தொடங்குவதுதான் புத்தி.

என் மேசைக்குத் திரும்பிப் பட்டியலைத் திறந்தேன். பெயர், வயது, அடையாள அட்டை, கடைசியில் "குறிப்பு" என்று இரண்டு விரல் அகலத்தில் ஒரு பத்தி. அவருக்குச் சக்கரக் கதிரையும் தூக்க ஆட்களும் தேவை என்று அதில் எழுத வேண்டும். அவ்வளவும் எழுத இடம் போதாது. அழகு கெடும். எங்கள் வீடுகளில் சொல்வதுபோல ஒரே சொல்லில் முடித்தேன்: ஏலாது.

இதில் என்ன பிழை என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டில் மாமிக்கு ஏலாது என்றால் மாமிக்குச் சுகமில்லை என்று அர்த்தம். கந்தோரில், அரசாங்க அலுவலகத்தில், ஏலாது என்றால் முடியாது, போ என்று அர்த்தம். என் பட்டியல் போனது கந்தோருக்கு.

கப்பல் நாளன்று நான் இறங்குதுறையில் நின்றேன். இரண்டு மணிக்குக் கயிறு கழற்ற வேண்டும். காவலுக்குப் போகும் படகுகள் ஒருவருக்காகவும் காத்து நிற்க மாட்டா. பன்னிரண்டரைக்குக் கடைசி பஸ் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், பெட்டிகள் இறங்கின, ஒருவர் இரண்டு கோழியும் இறக்கினார். ரீச்சர் இல்லை.

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அவருடைய பெயரின் மேல் அடிமட்டம் வைத்து இழுத்த சிவப்புக்கோடு. கீழே காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளின் பெயர் ஏற்றப்பட்டிருந்தது. பட்டியலைச் சிங்களத்தில் மாற்றிக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளரிடம் ஓடினேன். தென்பகுதியைச் சேர்ந்தவர், தமிழை இலக்கண சுத்தமாகப் படித்தவர், எங்களைவிடத் திருத்தமாகப் பேசுவார்.

"நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள், ஏலாது என்று. இயலாது. அதாவது அனுமதிக்க முடியாது. ஆகவே நீக்கினோம்" என்றார்.

இதை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். பேசாமல் இருந்துவிடலாமா என்று அரை நிமிடம் யோசித்தேன். ஒருவருக்கும் தெரியவராது. மண்டபத்துக்குப் போய், "மேலிடத்தில வெட்டிப்போட்டினம் ரீச்சர்" என்றால் அவர் நம்பியிருப்பார். அந்தக் காலத்தில் மேலிடம் எதையும் வெட்டும், ஒருவரும் காரணம் கேட்க மாட்டார்கள். மாறாக, நான் எழுதியது பிழை, பட்டியலை மாற்றுங்கள் என்று கேட்டால், இவன் ஏன் கடைசி நேரத்தில் ஓர் ஆளை உள்ளே விடப் பார்க்கிறான் என்ற கேள்வி வரும். அப்படிக் கேள்வி வந்தவர்களில் சிலர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். பயந்தேன். நல்ல பயம்.

பிறகு அந்தப் பெண்பிள்ளை பூட்டிய வீட்டு வாசலில் நிற்பது என் கண்ணுக்குள் வந்துவிட்டது. நான் அவளைக் கண்டதே இல்லை. அதிகாரியிடம் போனேன்.

சிங்களத்தில் தட்டித் தடவிச் சொன்னேன். "ஏலாது என்பது அவருக்கு உடம்பு முடியாது என்ற அர்த்தத்தில் எழுதியது. பிழை என்னுடையது." அதிகாரி அந்தப் புருவத்தை உயர்த்தினார். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். "அகராதியில் அப்படி இல்லை" என்றார் அவர். பாவம், பொய் சொல்லவில்லை.

பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார் எங்கள் நாட்டாமை. இந்தியப் படங்களில் நாட்டாமை என்றால் மரத்தடியில் இருந்து தீர்ப்புச் சொல்வார். எங்கள் ஊரில் நாட்டாமை என்றால் மூட்டை தூக்குபவர். இவர் கிண்ணியாவிலிருந்து தினமும் பாதை என்ற மிதவையில் ஏறித் துறை கடந்து வருகிற முஸ்லிம் மனிதர். அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரைக் காக்கா என்போம். அதிகாரி அவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"ஏலாது என்றால் என்ன?"

நாட்டாமைக்கு உத்தியோகத்தர்கள் கேள்வி கேட்டால் கைகால் உதறும். "ஏலாதெண்டா ஏலாதுதான் சேர். முடியாது" என்றார். அன்றைக்கென்று அப்படித் தெளிவாகச் சொன்னார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். என் நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒருவருடைய வாயிலிருந்து சொல்லின் பொருளைக் கேட்டு வாங்க முடியாது, அவரைப் பேச விட வேண்டும் என்று அந்த நேரத்தில் எனக்கு எப்படி மூளை வேலை செய்ததோ தெரியாது. நாட்டாமையின் தோளில் கையை வைத்தேன்.

"அது கிடக்கட்டும் காக்கா. உங்கட உம்மா எப்பிடி இருக்கிறா?"

"உம்மாக்கு ஏலாது தம்பி. மூணு நாளாப் படுக்கையிலதான் இரிக்கா."

மொழிபெயர்ப்பாளர் அதிகாரியிடம் சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். அதிகாரி நாட்டாமையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் புருவம் இறங்கியது. "தொகை மாறக்கூடாது. ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்க வேண்டும். ஒன்றரைக்குள்" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் என் காதுக்குள், "என்னிடம் கேட்டிருக்கலாமே, எழுதும்போது" என்றார். நியாயமான பேச்சு.

மண்டபம் முக்கால் மைல். துறைமுக வாசலுக்குள் வந்துபோக அனுமதி உள்ள ஒரே வாகனமாக அப்போது நின்றது நாட்டாமையின் தள்ளுவண்டிதான். காலையில் அதில் கருவாடு ஏற்றியிருந்தார். நானும் அவரும் தள்ளிக்கொண்டு ஓடினோம். வீதியின் நடுவே, ஊருக்குள் திரியும் மான்கள் வழக்கம்போல நின்றன. ஊரில் சண்டை நடப்பது தெரிந்த மாதிரியே இல்லை. நாட்டாமை அவற்றைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ரீச்சர் காலியான மண்டபத்தில், பையை மடியில் வைத்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதிருந்தார் என்று தெரிந்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தார்.

"கருவாட்டு வண்டியோ? நல்லது. என்னையும் நிறுத்து விலையையும் எழுதி ஒட்டிவிடும்."

"ரீச்சர், பிழை என்ர. ஏலாது எண்டு எழுதிப்போட்டன், அவை பேரை வெட்டிப்போட்டினம்."

"எது ஏலாது எண்டும் எழுதினீரோ?"

"இல்லை ரீச்சர். எழுத இடம் காணேல்லை."

"என்னால நடக்க மட்டும்தான் ஏலாது தம்பி. மிச்சம் எல்லாம் ஏலும். ஓடுங்கோ இப்ப."

அவரைத் தூக்கப் போனேன். கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்கியதும் இடுப்பு வலியில் கத்திவிட்டார். நாட்டாமை என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அவர் முன்னால் குந்தினார். "எங்க புடிச்சா நோகாது தங்கச்சி? நீங்க சொல்லுங்க" என்றார். அவர் சொன்னார், இவர் அப்படியே தூக்கினார். முழுதாக அரை நிமிடம் பிடிக்கவில்லை. பட்டியல் எழுதிப் பழகிய எனக்கு அந்த ஒரு கேள்வி வரவில்லை. மூட்டை தூக்கிப் பழகியவருக்கு வந்தது. உங்கள் மூன்று நாள் பயிற்சியிலும் அது வரவில்லை என்பதைப் போன கிழமை கண்டேன்.

ஒன்றேகாலுக்குத் திரும்பினோம். இனி ஒருவரை இறக்க வேண்டும். ரீச்சரின் இடத்தில் ஏறியவர் அறுபது வயதான ஒரு கடை முதலாளி. பதினொரு நாள் காத்திருந்தவர். கப்பலில் நிழலான இடம் பிடித்து, சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

"உமக்குத் தமிழ் எழுதத் தெரியாததுக்கு நான் இறங்கவேணுமோ?" என்றார்.

"ஓம் ஐயா."

"வெக்கமில்லையோ?"

"இருக்குது ஐயா."

அவர் என்னைத் திட்டினார். என் படிப்பைத் திட்டினார், எனக்குப் படிப்பித்தவர்களைத் திட்டினார், எனக்குச் சம்பளம் தருகிறவர்களைத் திட்டினார். ஒவ்வொன்றும் நியாயமான திட்டு. நான் எதிர்க்கதை கதைக்கவில்லை. பிழை விட்டவன் திட்டை முழுதாக வாங்க வேண்டும், இடையில் விளக்கம் சொன்னால் எதிராளிக்கு இரங்க மனம் வராது. கடைசியில் அவர் கேட்டார்.

"பிள்ளைக்கு எத்தினை வயசு எண்டீர்?"

"பதினொண்டு."

பார்சலைத் திரும்பக் கட்டினார். திட்டிக்கொண்டே இறங்கினார்.

கீழே ரீச்சரைக் கொட்டகையிலிருந்த கைபிடிக் கதிரை ஒன்றில் இருத்தியிருந்தோம். ஏணிப்படியில் முதுகுப்பக்கம் முன்னே போக வேண்டும், நாலு பேர் நாலு காலையும் பிடிக்க வேண்டும் என்று ரீச்சரே சொல்லித் தந்தார். நாட்டாமை, நான், கப்பல் ஊழியர் ஒருவர். நாலாவது ஆள் இல்லை. முதலாளி பார்சலைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இடத்தையும் குடுத்து, தூக்கியும் விடவேணும். இப்பிடி ஒரு கந்தோர் உலகத்தில இல்லை. பிடியுங்கோ" என்றார்.

ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார், அந்த எண்ணிக்கைக்கு நாங்கள் படி ஏறினோம். கழிப்பறைக்குப் பக்கத்தில் இடம் பார்த்து இருத்தினேன். போத்தலில் தண்ணீர் கொடுத்தேன். முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார். முதலாளி இறங்கிப்போய், பார்சலைத் தேடி எடுத்துக்கொண்டு, மீண்டும் அந்த மண்டபத்துக்கே நடந்தார். அவருக்கு அடுத்த கப்பல் கிடைக்க இன்னும் பதினாறு நாள் ஆனது. என் ஒரு சொல்லின் விலையை அவர்தான் கட்டினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதன்பிறகு நான் எழுதிய பட்டியல்களில் அழகு போய்விட்டது. குறிப்புப் பத்தியைத் தாண்டி எழுதுவேன், தாளின் பின்பக்கமும் எழுதுவேன். "நடக்க ஏலாது, நிற்க ஏலும், இடது பக்கம் தொடக்கூடாது, தானே சொல்வார்." கந்தோரில் என்னைக் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

நான்கு நாள் கழித்துக் கப்பல் திரும்பி வந்தது. இறங்குகிறவர்களின் பெயரைப் பார்த்துச் சரியிடுவதும் என் வேலை. ரீச்சரின் பக்கத்து வீட்டாரின் பெயர்களை முதல் நாளே அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். தாய், தகப்பன், இரண்டு பொடியன்கள். ஏணியால் இறங்கினார்கள். நாலு பேர். ஐந்தாவதாக ஒருத்தி இல்லை. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் அவர்கள் முன்னால் போய் நின்றேன்.

"பரிமளா ரீச்சரின்ர மகள் எங்க?" என்று கேட்டேன்.

"தாயோட நிக்கிறாள்" என்றார் அந்த அம்மா. "நாங்கள் கப்பல் ஏற வரேக்க அவளையும் இறங்குதுறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள். வேற என்ன செய்யிறது? தாயைக் கதிரையோட இறக்கினதுதான், ஓடிப்போய் மடியில ஏறிட்டாள். ஒப்பிரேசன் செய்த இடுப்பெல்லோ. நாங்கள் எல்லாரும் பதறிப்போய், அம்மாக்கு நோகும், இறங்கு பிள்ளை எண்டு கத்தினனாங்கள்."

"ரீச்சர் என்ன சொன்னவ?"

"நோகுதுதான், இருக்கட்டும் எண்டவ. இறக்க விடேல்லை."